மதிப்பீட்டில் ஒரு வரி

கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில்
மரக்குழிக்கு ஆழம் ஒன்றரை மீற்றர்.
கல்லடியில் முழங்கால் ஆழம் போனதும்
மண்வெட்டியில் ஏறுவது மண் இல்லை,
தண்ணீர்.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி,
நடுவில் பாய் விரித்த அகலத்துக்கு மணல்.
அதில் ஒரு வீதி. அந்த வீதியில் நான்
இருபத்தொரு மருது நடவேண்டும்.

புவிராசசிங்கம் குழிக்குள் இறங்கி
விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.
"உப்பில்ல மிஸ், சவர்.
மாரி பேஞ்சா மாறிடும்."
பன்னிரண்டு நாள் கழித்து வந்த ஆய்வுகூட அறிக்கை
அதையே
இலக்கத்தில் சொன்னது.

ஆழத்தை வெட்டிவிட்டு அகலம் என்று எழுதினேன்.
தனித்தனிக் குழி வேண்டாம்.
நடைபாதைக்குக் கீழே ஒரே நீளக் கிடங்கு,
கைக்கடங்கிய கருங்கல்,
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
வவுணதீவு வயற்களி, கொஞ்சம் மாட்டெரு.
கல் ஆட்களைத் தாங்கும். களி வேரைத் தாங்கும்.
மிச்ச இடத்தில் காற்றும் தண்ணீரும்
முறை வைத்து இருக்கும்.

"இறுக்காம விட்டா றோட்டு நிக்குமா?"
கொந்தராத்துக்காரர் அலோசியசுக்கு
முப்பது வருசம் றோலர் ஓட்டிய காது;
தரை கெட்டியானதைச் சத்தத்திலேயே சொல்லுவார்.
தொண்ணூற்றைந்து வீதம் இறுகிய மண்ணில்
வேர் முட்டி, வளைந்து, மேலே வரும் என்றேன்.
தார் வெடிப்பது மரத்தின் கொழுப்பில் அல்ல,
போக வேறு வழியில்லாமல்.
அவர் றோலரை நிறுத்தினார்.
தலையை மட்டும் ஆட்டவில்லை.

பிறகு கணக்காய்விலிருந்து ஒரு வினா:
"கிடங்கு நூறு என்றால் கல்லும் மண்ணும் எழுபது.
மிகுதி முப்பது எங்கே?"
பதிலை மூன்று முறை எழுதினேன்.
முதலாவது நீளம். இரண்டாவதில் கோபம்.
மூன்றாவதில் ஒரே வரி:
மிகுதி, மழைக்கு.
அதையும் அனுப்பவில்லை.
பொறியியலாளரின் கையொப்பத்தோடு
ஒரு அட்டவணை போனது.

கார்த்திகைக் கடைசியில் விடாமல் மூன்று நாள்.
ஊர் முழுக்க ஒரே கேள்வி:
முகத்துவாரம் வெட்டியாச்சா?
இரவு ஒன்பதுக்கு டோர்ச்சோடு போனேன்.
வீதியோரம் ஓடிவந்த வெள்ளம்
ஒவ்வொரு கல்வாயிலும் திரும்பி உள்ளே போனது,
மழைக்குக் கடைக்குள் ஒதுங்கும் ஆட்களைப்போல.
கீழிருந்து குமிழி குமிழியாகக்
கிடங்கு தன் காற்றை வெளியே விட்டது.
அந்தச் சத்தத்துக்கு
மதிப்பீட்டில் வரி இல்லை.

ஏழாவதில் தண்ணீர் திரும்பவில்லை.
கல்வாயில் சீமெந்து.
கதவைத் தட்ட, தேவமலர் குடையோடு வந்தா.
"நான்தான் அடைச்சன். நுளம்பு.
போன மாரி எங்கட சின்னவன்
டெங்குவில பதினொரு நாள் ஆஸ்பத்திரி."
வரைபடத்தில் சின்னவன் இல்லை.
ஒரு நாளில் வடிந்துவிடும் என்றேன்.
"வடியாட்டி?"
வாவி விளிம்பு தட்டி நின்ற அந்த இரவில்
எனக்குச் சத்தியம் பண்ண வாய் வரவில்லை.

அடுத்த மரத்தடியில் அளவுக்குழாய் இருக்கிறது.
மூடியைத் திறக்கக் காட்டி,
ஒரு கம்பியும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்
இன்று வந்தது கணக்கு:

வியாழன் காலம, ரெண்டு சாண்.
வெள்ளி, ஒன்டர.
சனி, ஒன்டர. வாவி இறங்கல்ல.
ஞாயிறு, அளக்கல்ல. சேர்ச்.
திங்கள், நாலு விரல்.
பூச்சி ஒன்டும் காணல்ல. வடிவாப் பாத்த.

சீமெந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
ஏழாம் மருதில் நேற்றும் இரண்டு இலை பழுத்திருந்தது.
தாளைத் திருப்பினேன்.
ஓரத்தில், பென்சிலில்:
கம்பி வல எவ்வளவு சின்னக் கண்ணில வரும், மிஸ்?